மீனின் அளவும் மூச்சின் செலவும்

சென்ற ஆண்டு ஆவணித் திங்களில், மாணவர் விடுதியின் பின்புறத்தே மீனின்றி வெறிதே கிடந்த அல்லித் தொட்டியைக் கண்டு, அதில் மீன் வளர்க்கும் அவா நமக்கும் தோழர் மூவர்க்கும் எழுந்தது. விடுதித் தலைவரிடம் இசைவு பெற்று, இரண்டு கல் தொலைவிலுள்ள ஏரிக்கரைக்கு ஒரு மாலை நடந்து சென்றோம். அங்கே மீன் குஞ்சு விற்கும் முதியவர் ஒருவர் இருந்தார். கால் கிலோ எடையுள்ள ரோகு மீன் ஒன்றையும், அதற்குச் சரி எடையாகக் குஞ்சுகளையும் நிறுத்துத் தருமாறு அவரை வேண்டினோம். குஞ்சு ஒன்று ஏறக்குறைய 1 கிராம் இருக்கும். ஆகவே தராசின் ஒரு தட்டில் ஒரு மீனும், மற்றத் தட்டில் 200-க்கு மேற்பட்ட குஞ்சுகளும் ஏறின. ஒத்த அளவினவாகிய இரண்டு பித்தளைக் குடங்களில் ஒரே அளவாக ஏரி நீரை முகந்து, ஒன்றில் பெரிய மீனையும் மற்றொன்றில் குஞ்சுகளையும் விட்டோம்.

“தம்பி, ஒரு குடத்துக்கு இத்தனை குஞ்சு தாங்காது” என்றார் முதியவர்.

“ஐயா, எடை இரண்டும் ஒன்றுதானே? அந்த மீனுக்குப் போதிய நீர் இவற்றுக்குப் போதாதோ?” என்று நாம் வினவினோம். கல்லூரியிற் பயில்வார்க்கு வினவத் தெரியாதா? அவர் நகைத்தாரேயன்றி மறுமொழி கூறிற்றிலர்.

விடுதியை அடைந்தபோது பெரிய மீன் வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தது; ஆயினும் உயிரோடிருந்தது. மற்றைக் குடத்தின் வாயில் வெள்ளை வயிறுகளே தெரிந்தன. ஒரு குஞ்சேனும் பிழைத்திலது. அவ்விரவு நாம் நால்வரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. தமிழ் பயிலும் நாம் விலங்கு நூலுட் புகுந்தமைக்குக் காரணம் இக்குடமேயன்றி வேறில்லை. விலங்கு நூல் ஆசிரியர் ஒருவர் அன்புகூர்ந்து நூல்கள் சில தந்து, விளங்காதன விளக்கினார். அவற்றுள் நாம் அறிந்துகொண்டவற்றை, நம்மைப்போல் எடையை நம்பியிருப்பார்க்கு ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

உயிருள்ள உடல் ஒவ்வொன்றும் உணவைச் சிறிது சிறிதாக எரித்து ஆற்றல் பெறுகின்றது. அவ்வாற்றலைக் கொண்டு பழுதானவற்றைப் புதுக்குகின்றது, வளர்கின்றது, அசைகின்றது. இவ்வினைகள் அனைத்தையும் சேர்த்து வளர்சிதை மாற்றம் என்பர். இவ்வெரிவுக்குப் பிராணவாயு வேண்டும். ஆதலின், ஒரு பிராணி ஒரு மணி நேரத்தில் உட்கொள்ளும் பிராணவாயுவை அளந்தால், அதனுள் எரிவு எவ்வளவு விரைவாக நிகழ்கின்றதென்று கணிக்கலாம். மீனை மூடிய கலத்தில் இட்டு, அக்கலத்து நீரிற் கரைந்துள்ள பிராணவாயு குறைந்துவரும் விரைவைக் காண்பதே அதற்குரிய எளிய வழி. நம் குடமும் அத்தகைய கலமே. அதன் பொருளை அறிய நாம்தான் அன்று ஆயத்தமாயில்லை.

மீனும் தவளையும் ஓணானும் பாம்பும் குளிர் இரத்தப் பிராணிகள் எனப்படும். இப்பெயர் அத்துணைப் பொருத்தமுடையதன்று. நண்பகல் வெயிலிற் காயும் ஓணானின் குருதி நம் குருதியினும் சூடாயிருத்தல் கூடும். அவை தம் உடற்சூட்டைத் தாமே ஆக்கிக் காத்துக்கொள்வன அல்ல, சூழ்ந்துள்ள நீரும் காற்றும் வெயிலும் தரும் சூட்டையே பெரும்பாலும் ஏற்பன என்பதே அப்பெயரின் கருத்து. இதனால் இரண்டு பயன் விளைகின்றன. ஒன்று, அவற்றின் செலவு மிகச் சிறிது. ஒரே எடையும் ஒரே உடற்சூடும் உடைய எலியோடு ஒப்பிடின் பல்லியின் எரிவு சில மடங்கு குறைந்தது. மற்றொன்று, சூழலின் சூடு ஏறின் எரிவும் ஏறும்; 10 பாகை உயரின் இரண்டு அல்லது மூன்று மடங்காகும். ஆகவே சிறிய மீனையும் பெரிய மீனையும் ஒப்புநோக்குவோர் இரண்டையும் ஒரே சூடுள்ள நீரில் வைத்தே நோக்குதல் வேண்டும். நம் இரு குடங்களும் ஒரே ஏரி நீரைக் கொண்டவை. ஒரே பொழுதில் ஒரே வழியே வந்தவை. அவ்வகையில் நம் பிழையிலும் ஒரு நேர்மை இருந்தது.

இனி உடலின் அளவுக்கு வருவோம். சிறிய பிராணி தன் எடைக்கு மிகுதியாக எரிக்கின்றது என்னும் செய்தி பழமையானது. 1830-களின் இறுதியிலேயே பிரெஞ்சு நாட்டவராகிய சாரு, ராமோ என்னும் இருவர் இதற்கொரு காரணமும் கூறினர். ஒரு கனசதுரத்தின் பக்கத்தை இரட்டித்தால் அதன் கனம் எட்டு மடங்காகும். மேற்பரப்போ நான்கு மடங்கே ஆகும். எனவே பெரிய உடலுக்குத் தன் கனத்தை நோக்கத் தோல் குறைவு. சிறிய உடலுக்குத் தோல் மிகுதி. சூடு வெளியேறுவது தோலின் வழியே. ஆதலால் சுண்டெலி தன் சூட்டைக் காத்துக்கொள்ள யானையினும் விரைந்து எரித்தாக வேண்டும் என்பது அவர்தம் கருத்து. 1883-ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய மாக்ஸ் ரூப்னர் சிறியவும் பெரியவுமாகிய நாய்களை அளந்து, தோலின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1000 கிலோ கலோரி வெளிப்படுகின்றது என்றும், நாய் எவ்வளவினதாயினும் இவ்வளவு பெரிதும் மாறுவதில்லை என்றும் காட்டினார். கருத்தும் அளவும் இவ்வாறு கைகோத்துக்கொண்டன. படித்தபோது நமக்கும் ஐயம் தீர்ந்துவிட்டது போலவே தோன்றியது.

ஆனால் மீனை நினைத்தவுடன் அவ்விளக்கம் சரிந்து விழுந்தது. மீனுக்குக் காக்க வேண்டிய சூடு ஏது? அதன் செவுள்களின் வழியே குருதி நீரை ஒட்டி ஓடுகையில் உடலிற் பிறந்த சிறு சூடும் நீரோடு போய்விடுகின்றது. மிகப்பெரும்பாலான மீன்கள் தாம் நீந்தும் நீரின் சூட்டையே உடையன. சூட்டைக் காத்தலே காரணமாயின், சிறிய மீனும் பெரிய மீனும் கிராமுக்குக் கிராம் ஒரே அளவே எரித்தல் வேண்டும். நம் குஞ்சுகளும் பெரிய மீனளவே மூச்செடுத்திருக்க வேண்டும். ஆனால் மீனிலும் தவளையிலும் நண்டிலும் பூச்சியிலும் சிறியது மிகுதியாக எரிக்கும் அவ்வொழுங்கே காணப்படுகின்றது. டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஆகஸ்ட் குரோக் 1916-ஆம் ஆண்டில் வெளியிட்ட மூச்சு வினை பற்றிய நூலில் குளிர் இரத்தப் பிராணிகளின் செலவை ஒரு முறைக்குட்படுத்தி ஆராய்ந்தார். குளிர் இரத்தப் பிராணிகள் இல்லாதிருந்தால் ரூப்னரின் காரணத்தை எவரும் எளிதில் மறுத்திரார். ஒரு காரணம் எவ்வளவு அழகாயிருப்பினும், அதற்கு இடமே இல்லாத பிராணியிடத்தும் அதன் விளைவு காணப்படின், காரணம் வேறு என்றே கொள்ளல் வேண்டும்.

அளவையே திருத்தியவர் கலிபோர்னியாவிற் பணிபுரிந்த மாக்ஸ் கிளைபர். எரிவு தோலின் பரப்புக்கு ஒத்து, அதாவது எடையின் மூன்றில் இரண்டு அடுக்காக, உயர்வதன்று. ஏறக்குறைய நான்கில் மூன்று அடுக்காக உயர்கின்றது என அவர் 1932-இல் எழுதினார். கணிதத்தை அஞ்சும் நம் போன்றார்க்கு ஓர் எடுத்துக்காட்டு: எடை 16 மடங்கானால் எரிவு 16 மடங்காவதில்லை; 8 மடங்கே ஆகின்றது. எனவே ஒவ்வொரு கிராமின் பங்கும் பாதியாகின்றது. கிளைபர் அளந்தவை வெப்ப இரத்தப் பிராணிகள். 1960-இல் ஹெம்மிங்சன் என்பார் ஓரணு உயிர்களையும் குளிர் இரத்தப் பிராணிகளையும் உடன்சேர்த்து வரைபடமிட்டு, கோடுகளின் உயரம் வேறாயினும் சரிவு ஒன்றே என்று கருதினார். 1997-இல் வெஸ்ட், பிரௌன், என்குவிஸ்ட் என்னும் மூவர், குருதிக் குழாய்கள் கிளைத்துக் கிளைத்து உடலெங்கும் பரவும் முறையே இந்நான்கில் மூன்றுக்குக் காரணம் என்றொரு கொள்கை வகுத்தனர். அதனைப் போற்றியவரும் பலர், எதிர்த்தவரும் பலர். அப்போர் இன்னும் ஓய்ந்ததன்று. நாம் அதனுட் புகவில்லை. புகாமைக்குக் காரணம் அச்சம் மட்டுமன்று. ஓய்ந்திருக்கும் பிராணியை மட்டும் நோக்கி ஓர் எண்ணைத் தேடுவதிலேயே ஒரு குறை உண்டென்பது, அடுத்து நாம் படித்த ஆராய்ச்சியால் விளங்கிற்று.

மீன் எப்போதும் சும்மா இருப்பதில்லை. கனடா நாட்டு அறிஞர் பிரை என்பார் 1947-இல் எழுதியபோது, ஒரு மீனின் எரிவுக்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் வகுத்தார். முற்றும் ஓய்ந்து, பசித்த வயிற்றோடிருக்கும்போது உயிரைத் தாங்குதற்கு வேண்டுவது கீழ்வரம்பு. தளர்ச்சியுறும்வரை நீந்தும்போது செலவிடுவது மேல்வரம்பு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே மீன் நீந்தவும் இரை தேடவும் செரிக்கவும் பகைக்குத் தப்பவும் கையிலுள்ள பொருள். வருவாயில் வாடகையும் அரிசியும் போக எஞ்சுவது எவ்வளவு என்று இல்லத்தார் பார்ப்பதுபோல, மீனின் வாழ்வை இவ்வெச்சத்தைக் கொண்டு அளக்கலாம் என்பது அவர் நோக்கு.

இதனை நுணுக்கமாக அளந்தவர் பிரெட். இவர் கனடாவின் மேற்குக் கடற்கரையில் நனைமோ என்னும் ஊரிலுள்ள மீன் ஆராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்தவர். சாக்கை சால்மன் என்னும் மீனை எடுத்துக்கொண்டு, நீர் ஓடும் ஒரு குழாய்க்குள் விட்டு, ஓட்டத்தின் வேகத்தைப் படிப்படியாக உயர்த்தினார். மீன் தன் இடத்தைக் காத்துக்கொள்ள எதிர்த்து நீந்த வேண்டும். நீந்தமாட்டாது பின்வலைக்குத் தள்ளப்படுமளவும் ஒவ்வொரு வேகத்திலும் பிராணவாயுவின் செலவை அளந்தார். 1964-இலும் 1965-இலும் அவர் வெளியிட்ட முடிவுகள் வியப்பைத் தருவன. நீந்தும் வேகம் சீராக ஏற ஏறச் செலவு சீராக ஏறுவதில்லை. பெருகிப் பெருகி ஏறுகின்றது. 15 பாகைச் சூடுள்ள நீரில் இளஞ்சால்மனின் மேல்வரம்பு கீழ்வரம்பைப் போலப் பத்து மடங்குக்கும் மேற்பட்டது.

ஆனால் நம் குடத்துக்கு மருந்தாவது அவருடைய 1965-ஆம் ஆண்டுக் கட்டுரையே. சில கிராம் எடையுள்ள குஞ்சு முதல் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட மீன் வரை அவர் அளந்தார். ஓய்ந்திருக்கையில் எரிவு எடையின் 0.78 அடுக்காக ஏறிற்று. இது கிளைபரின் நான்கில் மூன்றுக்கு அணித்தே. வேகம் ஏற ஏற அவ்வடுக்கும் ஏறிற்று. மேல்வரம்பில் அது 0.97 ஆயிற்று, அஃதாவது ஏறக்குறைய ஒன்று! இதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்த்தோம். 10 கிராம் மீனையும் 1 கிலோ மீனையும் ஒப்பிடின், எடை 100 மடங்கு. ஓய்வில் பெரிய மீனின் செலவு 36 மடங்கே. முழு வேகத்தில் 87 மடங்கு. ஒவ்வொரு கிராமுக்கும் பார்த்தால், ஓய்வில் பெரிய மீன் சிறியதன் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக மட்டும் எரிக்கின்றது. பாய்ந்து நீந்தும்போதோ ஏறக்குறையச் சிறியதற்கு ஒப்பாகவே எரிக்கின்றது. சிக்கனமும் ஊதாரித்தனமும் ஒரே உடலில்! கீழ்வரம்பு தாழ்ந்து மேல்வரம்பு தாழாமையின், பெரிய மீன் தன் ஓய்வு நிலையினின்று எழக்கூடிய மடங்கு சிறியதினும் மிகுதி.

இஃது ஏன் என்பதற்கு விடை உடலின் உறுப்புகளிடையே உள்ளது. ஓய்ந்திருக்கையில் பெரும் செலவாளிகள் கல்லீரலும் குடலும் சிறுநீரகமும் மூளையும். உடல் பெருக்கப் பெருக்க இவை அதே வீதத்திற் பெருகுவதில்லை. உடல் பெருத்தவிடத்து இவற்றின் உயிரணுக்களும் மெல்லவே எரிகின்றன. சிறு குஞ்சுக்கு வளர்ச்சிச் செலவும் உண்டு. நாள்தோறும் புதுத் தசை கட்டுவதற்கு எரிபொருள் வேண்டுமன்றோ? ஆனால் மீனின் உடலிற் பெரும்பகுதி நீந்துதற்குரிய தசை. உடல் பெருக்கின் அதுவும் ஒத்துப் பெருகும். ஓய்வில் அது பெரிதும் உறங்கிக்கிடக்கின்றது. பாய்ச்சலில் அதுவே முழு எரிவையும் ஆள்கின்றது. ஆகவே உடலின் அளவு எரிவை எவ்வளவு குறைக்கின்றது என்னும் வினாவுக்கு, அப்பிராணி அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்று அறியாமல் விடை கூற இயலாது. கிளேசியர் என்னும் அமெரிக்க அறிஞர் 2005 முதல் இதனையே வலியுறுத்தி வருகின்றார். அவரும் கில்லன், அட்கின்சன் என்பாரும் சேர்ந்து 2010-இல் 89 வகை எலும்பு மீன்களின் ஓய்வுநிலை அளவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அடுக்கு எல்லா மீனுக்கும் ஒன்றாயில்லை, ஏறக்குறைய 0.7 முதல் 1.0-க்குச் சற்று மேல் வரை வேறுபட்டது. மீனின் வாழ்க்கை முறைக்கும் நீரின் சூட்டுக்கும் ஏற்ப அவ்வேறுபாடு அமைந்திருந்தது.

இங்கே ஒன்று கூறாது விடலாகாது. பிராணவாயுவின் செலவை அளப்பதால் மட்டும் குளிர் இரத்தப் பிராணியின் முயற்சி முழுவதும் வெளிப்பட்டுவிடாது. ஓணானைத் துரத்திப் பார்த்தவர் அறிவர்: மின்னலெனப் பாயும், சற்று நேரத்தில் ஓய்ந்து, கையாற் பிடிக்குமாறு கிடக்கும். அப்பாய்ச்சலின் ஆற்றலிற் பெரும்பகுதி பிராணவாயுவின்றியே தசையிலுள்ள சர்க்கரைப் பொருளைச் சிதைத்துப் பெறப்படுவது. அதனால் லாக்டிக் அமிலம் தேங்கும்; பிறகு நெடுநேரம் மூச்செடுத்து அதனைத் தீர்க்க வேண்டும். கடன் வாங்கிச் செலவிட்டு வட்டியோடு திருப்புவதை ஒக்கும் இது. இக்கடனும் உடலின் அளவைப் பொறுத்தது. பென்னெட்டும் அவர் குழுவினரும் ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் உவர்நீர் முதலைகளை ஆராய்ந்து 1985-இல் வெளியிட்ட கட்டுரை இதனை விளக்குகின்றது. கையளவுக் குட்டி சில நிமிஷப் போராட்டத்தில் ஓய்ந்துபோகும். 100 கிலோவுக்கு மேற்பட்ட முதலையோ நெடுநேரம் போராடும். அதன் குருதியில் ஏறும் அமிலமும் அதற்கேற்ப மிகக் கடியது. பெரியதற்குக் கடன் வாங்கும் வலிமையும் பெரிது, கடனும் பெரிது.

உடல் அசையாமலே உழைப்பதும் உண்டு. பர்மா மலைப்பாம்பு பெரிய இரையொன்றை விழுங்கிவிட்டுக் கட்டைபோற் கிடக்கும். சோம்பலுக்கு உவமை தேடுவார் அதனையே காட்டுவர். ஆனால் செக்கர், டயமண்ட் என்னும் இருவர் 1995-இல் காட்டியபடி, தன் எடையிற் கால் பங்கு இரையை விழுங்கிய மலைப்பாம்பின் எரிவு பசித்திருந்த நிலையினும் 17 மடங்கு வரை ஏறுகின்றது. விடுதியில் ஞாயிற்றுக்கிழமை நண்பகலுணவுக்குப் பின் படுத்திருக்கும் நண்பர்களைச் சோம்பேறிகள் என்பதற்கு இனி நமக்கு வாய் எழாது.

இப்போது குடத்துக்குத் திரும்புவோம். 30 பாகைச் சூடுள்ள நன்னீர் ஒரு லிட்டரில் கரைந்திருக்கக்கூடிய பிராணவாயு ஏறக்குறைய 7.5 மில்லிகிராமே. ஒரு குடம் நீரில் எவ்வளவு இருந்திருக்கும்? நூறு மில்லிகிராமை ஒட்டியே. ஓர் உப்புக் கல்லின் எடை! அதனைக் குஞ்சுகள் பகிர்ந்துண்ண வேண்டும். சால்மனின் கணக்கை ரோகுவுக்கு அப்படியே ஏற்றுதல் முறையன்று. ஆயினும் அளவை உணர்தற்பொருட்டு ஏற்றிப் பார்த்தால், 250 மடங்கு எடை வேறுபாட்டில், ஓய்ந்திருக்கும் குஞ்சு ஒவ்வொரு கிராமுக்கும் பெரிய மீனினும் மூன்று மடங்குக்கு மேல் மூச்செடுக்கும். இதைக் கண்டவுடன் காரணம் முழுதும் கைப்பட்டதென்று எண்ணினோம். அதுவும் அரைகுறையே என்பதைப் பிரெட்டின் மற்றோர் எண் காட்டிற்று. இரண்டு குடங்களிலும் மீன்கள் முழு வேகத்தில் துடித்திருந்தால் வேறுபாடு ஏறக்குறைய மறைந்திருக்கும். பெரிய மீனும் செத்திருக்கும். அது பிழைத்தது எதனால்? நினைவுகூர்ந்தோம். பெரிய மீன் குடத்தில் விட்டவுடன் இரண்டொரு முறை வாலால் அடித்தது. பின் அடங்கி அடியிற் கிடந்தது. குஞ்சுகளோ ஒன்றன்மேல் ஒன்று மோதி, வழிநெடுகிலும் ஒரு கணமும் ஓயவில்லை. மேலும் அவை வலையிற் பலமுறை அலைப்புண்டு பிடிபட்டவை; குடத்துட் புகும்போதே கடனோடு புகுந்தன. அன்று மாலை ஏரிக்கரையிலே இரையும் உண்டிருந்தன. சிறுமையும் ஓயாமையும் உண்ட வயிறும் வெம்மையும் ஒருங்கே கூடின. தராசு காட்டியது எடையை மட்டுமே.

மார்கழியில் மறுபடியும் அம்முதியவரிடம் சென்றோம். கணக்கெழுதிய தாளும் நம் கையில் இருந்தது. அதை அவரிடம் காட்டவில்லை. அவர் குஞ்சுகளை முதல்நாளே பிடித்து, ஏரி ஓரத்தில் கட்டியிருந்த துணித் தொட்டிலில் இரையின்றி விட்டிருந்தார். “ஒரு நாள் பட்டினி கிடந்தால் அடங்கும் தம்பி, பிடித்த அலைச்சலும் தீரும்” என்றார். பிரை 1947-இல் எழுதியதை அவர் படித்தவரல்லர். குடத்துக்கு 40 குஞ்சு என்று அவரே எண்ணி விட்டார். நாம் எடை பேசவில்லை. பொழுது புலருமுன்னர், நீர் குளிர்ந்திருக்கும்போதே, குடத்தின் வாயை ஈரத்துணியால் தளர மூடிக்கொண்டு புறப்பட்டோம். விரைந்து நடந்தால் நீர் அலையும் என்று ஒருவரும், அலைந்தால்தான் காற்றுக் கலக்கும் என்று ஒருவருமாக வழியெல்லாம் வாதிட்டனர்; குடம் சுமந்த இருவர் மட்டும் வாதிடவில்லை. 80 குஞ்சுகளில் 3 இறந்தன. எஞ்சியவை இப்போது சுட்டுவிரல் நீளம் வளர்ந்து, மாலை வேளைகளில் அல்லி இலைகளினடியே திரிகின்றன. பழைய பெரிய மீன் அவற்றிடையே அசையாமல் நிற்கின்றது.